50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் டிரான்ஸ்பார்மர் ரீங்காரமும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தேர்வில் அதிர்வெண் கணக்கு வந்தால் பிள்ளைகள் செய்வது ஒன்றுதான். 1-ஐ அலைவு காலத்தால் வகுத்து, பக்கத்தில் ஹெர்ட்ஸ் என்று போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஒரு நொடிக்குள் எது எத்தனை முறை நடக்கிறது என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு முழு அலைவுக்கு 0.02 நொடி. சரி, தெருமுனை டிரான்ஸ்பார்மர் 'ம்ம்ம்' என்று ரீங்கரிக்கிறதே, அதன் அதிர்வெண் என்ன? 50 என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். உண்மையில் 100! உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் காந்தமாகும்போது மிக மிக நுண்ணிய அளவில் உருமாறும், காந்தப்புலம் எந்தத் திசையில் உச்சத்துக்குப் போனாலும் அந்த மாற்றம் ஒரே மாதிரிதான், ஒரு அலைவில் இரண்டு உச்சம் வருவதால் தகடு இரண்டு முறை அதிர்ந்துவிடுகிறது. இதைச் சூத்திரம் சொல்லாது, எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

ஜெனரேட்டரும் அப்படித்தான். இரண்டு துருவ எந்திரம் (அதாவது ஒரு ஜோடி காந்தத் துருவங்கள் கொண்டது) நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும், ஒரு ஜோடி கடந்து போனால் ஓர் அலைவு, ஆகவே 60-ஆல் வகுத்தால் 50. பன்னிரண்டு துருவ எந்திரத்துக்கு 500 சுற்றே போதும், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஆறு ஜோடித் துருவங்கள் கடந்து போகின்றன.

இன்னொன்று. ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை வழியாகத் தென்மாநிலங்கள் 2013 டிசம்பர் 31-இல் இணைந்தபின் நாடு முழுவதும் ஒரே கிரிட் (ஒன்றோடொன்று இணைந்த மின்வலை), ஒரே அதிர்வெண். உற்பத்தியைவிட மின்தேவை கூடினால் எந்திரங்களின் வேகம் குறைந்து அதிர்வெண் இறங்கும், உற்பத்தி மிஞ்சினால் ஏறும். 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இதற்காகவே கட்டுப்பாட்டு அறைகளில் இரவு பகலாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் (வெளியில் யாருக்கும் அது தெரிவதில்லை).

'ஓர் அலையின் அலைவு காலம் இவ்வளவு, அதிர்வெண் காண்க' என்று எத்தனை வருடம்தான் கேட்பது? கிரிட் 49.90-க்கு இறங்கினால் இரண்டு துருவ எந்திரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்று வினாத்தாளில் கேட்கட்டும். விடை 2,994.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பொறியாளர் ஒருவர்,
தூத்துக்குடி