பேக்கப் மென்பொருள் பட்டியல் சரி, ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கம்ப்யூட்டர் பக்கத்தில் வீட்டுக் கணினிக்கான பேக்கப் மென்பொருள்களை வரிசையாகப் போட்டு, எது இலவசம், எதில் என்னென்ன வசதி என்று மதிப்பெண்ணும் கொடுத்திருந்தீர்கள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அழிந்துபோன ஒரு கோப்பை அதில் ஏதாவது ஒரு மென்பொருளை வைத்துத் திரும்ப எடுத்துப் பார்த்தோம் என்று ஒரு வரிகூட இல்லை. நான் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறவன். பேக்கப்பே எடுக்காமல் வருகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிடலாம், பேக்கப் எடுத்த டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் திறக்க முடியாமல் வருகிறவர்களிடம் என்ன சொல்வதென்றே தெரியாது.

இந்த மென்பொருள்களில் பல, உங்கள் கோப்புகளை எல்லாம் சேர்த்துத் தனக்கு மட்டுமே புரிகிற ஒரே பெரிய கோப்பாகக் கட்டிவிடும். இமேஜ் என்பார்கள். அந்த மென்பொருள் இருக்கும் வரை பிரச்சினை இல்லை. அப்படி இமேஜ் எடுக்கும் மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பைத்தான் வருஷக்கணக்காக எல்லோரும் சிபாரிசு செய்துகொண்டிருந்தோம், 2024 ஜனவரி 1க்குப் பிறகு அதற்கு அப்டேட் கிடையாது என்று அந்த நிறுவனம் சொல்லிவிட்டது. ஏற்கனவே போட்டிருந்த கணினியில் அது ஓடும், ஆனால் நாளைக்குப் புதுக் கணினி வாங்கிப் பழைய இமேஜைத் திறக்க வேண்டும் என்றால் மறுபடி அதே மென்பொருளைத் தேடிப் போக வேண்டும். இலவசமாகக் கொடுப்பவர் என்றைக்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம், அது அவர் உரிமை, நாம் குறை சொல்ல முடியாது. அதனால்தான் கல்யாண போட்டோ, பத்திரத்தின் ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ் மாதிரி விஷயங்களை, எந்த மென்பொருளும் இல்லாமல் வேறொரு கணினியில் சொருகினாலே திறக்கிற மாதிரி சாதாரணக் கோப்பாக வைக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள் என்கிறேன்.

அப்படி ஒன்று விண்டோஸுக்குள்ளேயே 2012இல் வந்த விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருக்கிறது, ஃபைல் ஹிஸ்டரி என்று பெயர். உங்கள் பட்டியலில் அதைக் காணோம், தனியாக இறக்கிப் போட வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ. விண்டோஸ் 11இல் கன்ட்ரோல் பேனலுக்குள் போய்த் தேட வேண்டும், அவ்வளவுதான். மாறிய கோப்புகளை மணிக்கொரு தடவை டிஸ்க்கில் நகலெடுத்து, ஒவ்வொரு நகலின் பெயருக்குப் பின்னாலும் தேதியும் நேரமும் ஒட்டிவைக்கும். வேர்டு கோப்பு வேர்டு கோப்பாகவே இருக்கும், இரண்டு கிளிக்கில் திறக்கும். ஒரு சின்னக் குழப்பம் உண்டு: அந்த நேரம் யூடிசி எனும் உலகப் பொது நேரக் கணக்கு, நம்முடைய கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை பத்தேகாலுக்கு எடுத்த நகலில் 04_45 என்று இருக்கும், பார்த்துவிட்டு விடிகாலையில் யார் என் கணினியைத் திறந்தது என்று பதற வேண்டாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் டி டிரைவ். நம் ஊரில் கணினி அசெம்பிள் செய்து தருகிறவர்கள் ஹார்ட் டிஸ்க்கை சி, டி, இ என்று பிரித்துக் கொடுத்து, "முக்கியமானதை எல்லாம் டி-யில் போடுங்க சார், ஃபார்மட் பண்ணாலும் போகாது" என்று சொல்லியனுப்புவது வழக்கம். டிஸ்க்கே போனால் டி-யும் சேர்ந்து போகும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஃபைல் ஹிஸ்டரியோ டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி இடங்களைத்தான் தானாக எடுக்கும். டி-யில் இருக்கும் போல்டரை விண்டோஸின் லைப்ரரி என்ற போல்டர் தொகுப்பில் சேர்த்தால்தான் அதையும் எடுக்கும், சேர்க்காவிட்டால் ஓர் எச்சரிக்கையும் வராது, பேக்கப் ஒழுங்காக நடப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் டிடிபி (கணினியில் அச்சுக்கோப்பு) வேலை செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு பத்திரமாக இருக்கும், எழுத்துரு விண்டோஸ் போல்டருக்குள் கிடக்கும், அது பேக்கப்பில் வராது. புதுக் கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் வரிசையாக நிற்கும். டாலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டாவும் பெரும்பாலும் டாகுமென்ட்ஸுக்குள் இருக்காது, எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஒரு போல்டரை இன்னொரு டிஸ்க்கில் சாதாரணக் கோப்புகளாகவே நகலெடுக்கும் ஃப்ரீஃபைல்சிங்க்கும் நல்ல மென்பொருள், நான் நிறையப் பேருக்குப் போட்டுக் கொடுக்கிறேன். ஆனால் அதில் மிரர் (இங்கே இருப்பதை அப்படியே அங்கேயும் வைப்பது) என்பதைத் தேர்ந்தெடுத்து அப்படியே விட்டால், இங்கே தெரியாமல் அழித்த கோப்பை அடுத்த தடவை ஓடும்போது பேக்கப் டிஸ்க்கிலிருந்தும் நீக்கிவிடும். பழைய பதிப்புகளைத் தனி போல்டரில் வைக்கச் சொல்லும் வெர்ஷனிங் வசதியை இயக்கிவிட்டால் பயமில்லை. இணையத்தில் கோப்பு வைக்கும் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் எல்லாமும் இதே ஜாதிதான், இங்கே அழித்தால் அங்கேயும் போகும். கூகுளில் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5 ஜிபி இலவசம், குப்பைத் தொட்டியில் போனது 30 நாள் கிடக்கும், அப்புறம் போனது போனதுதான்.

இமேஜே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விண்டோஸோடு எல்லா மென்பொருளும் பழையபடி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்றால் அது வேண்டும். அதற்கு வீம் ஏஜென்ட் இலவசப் பதிப்பு போதும், ரெஸ்க்யூசில்லாவும் இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் 7 என்று பெயர் போட்டு இன்றைக்கும் ஒரு பேக்கப் வசதி கிடக்கிறதே, அதில் இமேஜ் எடுக்கும் பகுதியை மைக்ரோசாஃப்ட்டே 2017இல் கைவிடப்போகும் பட்டியலில் சேர்த்துவிட்டது, அதை நம்பாதீர்கள். எதைப் போட்டாலும், கணினி நன்றாக இருக்கும்போதே மீட்புக்கான பென்டிரைவைச் செய்து, ஒரு தடவை அதிலிருந்து கணினியைத் தொடங்கி (பூட் செய்து), அந்தத் திரையில் உங்கள் பேக்கப் டிஸ்க் தெரிகிறதா என்று பாருங்கள். டிஸ்க்கையே பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்ட லேப்டாப் என்றால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

எடுத்து முடித்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். கிராக் செய்த மென்பொருளோடு வருகிற ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்), அந்த நேரத்தில் சொருகியிருக்கும் எல்லா டிஸ்க்கையும் பூட்டிவிடும், பேக்கப் என்று தனி மரியாதை எல்லாம் கொடுக்காது. இன்னொரு டிஸ்க் வேறு வீட்டில் இருப்பது இன்னும் நல்லது. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, கீழ்த்தளத்து மேசையில் இருந்த சிபியுவும் அதே மேசை டிராயரில் இருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்தே முங்கிய வீடுகள் உண்டு. அக்கா வீட்டிலோ ஆபீஸ் லாக்கரிலோ ஒன்றைப் போட்டுவைத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொண்டு வந்தால்கூடப் போதும்.

அடுத்த தடவை இப்படி ஒரு பட்டியல் போடும்போது, உங்கள் நிருபர் ஒரு போட்டோ போல்டரை வேண்டுமென்றே அழித்துவிட்டு (நகல் வைத்துக்கொண்டுதான்), ஒவ்வொரு மென்பொருளையும் வைத்து அதை வேறொரு கணினியில் மீட்டெடுக்கட்டும். எவ்வளவு நேரம் ஆனது, பாதியில் எங்காவது காசு கேட்டதா, கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் ஒழுங்காக வந்ததா என்று மூன்று கட்டம் போட்டு அச்சிடுங்கள். அந்தப் பக்கத்தைக் கடைச் சுவரில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை