கிட்டார் டேப் அச்சிடும்போது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் கிட்டார் பழகுகிறவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. நாகர்கோவிலில் வீட்டிலேயே கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். டேப்பை, அதாவது எந்த ஸ்ட்ரிங்கை எங்கே அழுத்த வேண்டும் என்று கோடும் எண்ணுமாகக் காட்டும் இசைக்குறிப்பை, விளக்கிய சென்ற வாரப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டே பிள்ளைகள் வகுப்புக்கு வந்துவிட்டார்கள்.

ஆறு கோடு ஆறு ஸ்ட்ரிங், எண் என்பது ஃப்ரெட் (கிட்டார் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டம்), விரல் அல்ல என்ற விளக்கமெல்லாம் சரி. ஆனால் அச்சில் எண்கள் நகர்ந்துவிட்டன. டேப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் எண்களைச் சேர்த்து மீட்ட வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒவ்வொன்றாக. ஜி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஒரு ஸ்வரக் கூட்டம்) என்றால் மேலிருந்து 3, 0, 0, 0, 2, 3 என்று செங்குத்தாக நிற்க வேண்டும். உங்கள் பக்கத்தில் அது படிக்கட்டு மாதிரி சரிந்திருந்தது. பிள்ளைகளும் அச்சில் இருந்தபடியே ஒவ்வொரு ஸ்ட்ரிங்காகத் தட்டிவிட்டு, "கார்டு மாதிரியே இல்லையே சார்" என்றார்கள். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் உள்ள எழுத்துருவில் அடித்தாலோ, டேப்பைப் படமாகவே போட்டாலோ இது வராது.

மேல் கோடு மெல்லிய ஸ்ட்ரிங் என்பதையும் சொல்லியிருக்கலாம். கிட்டாரைப் பிடித்து உட்கார்ந்தால் தடித்த ஸ்ட்ரிங்தானே மேலே இருக்கிறது! மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். தாளும் கிட்டாரும் ஒத்துப்போகும்.

அப்புறம் தாளம். கர்நாடக சங்கீதப் புத்தகத்தில் ஸ்வரத்துக்குப் பின் கமா போட்டால் ஓர் அட்சரம் (தாள அளவு) நீளும், அரைப்புள்ளி என்றால் இரண்டு. இணையத்தில் கிடைக்கும் சாதாரண டேப்பில் அப்படி எதுவும் இருக்காது. பாட்டு காதில் ஏற்கெனவே இருந்தால் சமாளிக்கலாம், இல்லாவிட்டால் எங்கே நிறுத்துவது என்றே தெரியாது.

டேப் பார்ப்பது சோம்பேறி வழி என்று சில வாத்தியார்கள் இளக்காரமாகச் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. 1507-இல் வெனிஸில் பெத்ருச்சி என்ற அச்சகர் அச்சிட்ட லூட் (கிட்டார் மாதிரியான பழைய ஐரோப்பிய நரம்புக் கருவி) இசைப் புத்தகங்களே டேப்தான். அதில் எண்களுக்கு மேலே கால அளவுக் குறிகளும் உண்டு. அன்றைக்கு ஈய எழுத்தில் முடிந்தது இன்றைக்குக் கணினியில் முடியாதா? அந்தக் குறிகள்கூட வேண்டாம், ஆறு கோட்டுக்கும் கீழே 1, 2, 3, 4 என்று ஓர் எண்ணிக்கை வரி போதும். வரும் ஞாயிறு அந்த ஜி கார்டையும் சரியாக ஒருமுறை மறுபடி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கிட்டார் ஆசிரியர் ஒருவர்,
நாகர்கோவில்