ஜெர்மன் சொல்லுக்குள் ஒரு குடும்பத் தலைவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜெர்மானியப் பொருளியல் சிந்தனை பற்றிய தொடரின் முதல் பகுதியை ஆர்வத்தோடு படித்தேன். ஆனால் பொருளியல் துறையின் ஜெர்மன் பெயரான ‘ஃபோல்க்ஸ்விர்ட்ஷாஃப்ட்ஸ்லேர’வுக்கு ‘மக்கள் பொருளாதாரம்’ என்று ஒரு வரியில் பொருள் சொல்லிவிட்டுக் கடந்துபோனது எனக்கு ஏமாற்றம்தான். படிப்பவர்கள் அதை ஏதோ கட்சி முழக்கம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஃபோல்க் என்றால் மக்கள், நாட்டினம். லேர என்றால் பாடம், இயல். இடையே இரண்டு இடத்தில் வரும் ‘ஸ்’ நம் சாரியை மாதிரி. ஒட்டவைப்பதுதான் அதன் வேலை. சரி, நடுவில் நிற்கும் ‘விர்ட்’ யார்? பழைய ஜெர்மனில் அவர் குடும்பத் தலைவர், கணவர். அப்புறம் விருந்தளிப்பவர், சத்திரக்காரர் என்றும் பொருள் விரிந்தது. அவர் வீட்டை நடத்துவதுதான் விர்ட்ஷாஃப்ட். இன்றைக்கும் பவேரியாவில் ‘விர்ட்ஷாஃப்டுக்குப் போகலாம்’ என்று கூப்பிட்டால், பீரும் சாப்பாடும் கிடைக்கிற இடத்துக்குத்தான். விவசாயிக்குப் பெயர் ‘லாண்ட்விர்ட்’. சொந்தக்காரர்களுக்கே பதவி கொடுப்பது ‘ஃபெட்டர்ன்விர்ட்ஷாஃப்ட்’. ஃபெட்டர் என்றால் சித்தப்பா, மாமா வீட்டுப் பையன்.

கட்டுரையாளர் இதற்கு முந்தைய பெயரையும் சொல்லியிருக்க வேண்டும். 1727இல் பிரஷ்ய மன்னர் முதலாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம், ஹாலேயிலும் ஓடர் நதிக்கரை ஃபிராங்க்ஃபுர்ட்டிலும் இதற்கெனப் பேராசிரியர் பதவிகளை ஏற்படுத்தினார். பாடத்தின் பெயர் ‘கமரல்’ அறிவியல். ‘கமர்’ என்பது மன்னரின் கருவூல அறை. அதை நிரப்பவும் நிர்வகிக்கவும் அதிகாரிகளைப் பழக்கிய படிப்பு அது. 19ஆம் நூற்றாண்டில், பாடத்தின் பெயரில் கருவூலம் இருந்த இடத்துக்கு ‘ஃபோல்க்’, அதாவது மக்கள் வந்தார்கள். யாருடைய கணக்கைப் பார்க்கிறோம் என்பதே மாறிவிட்டது. என்னைப் பொறுத்தவரை அந்தச் சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அந்தப் பெயரை எல்லோரும் அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. வியன்னாவின் பொருளியலாளர் கார்ல் மெங்கர் 1871இல் தன் நூலின் தலைப்பிலேயே இந்தச் சொல்லை வைத்தார். அவரே 1883இல், நாடு முழுவதையும் ஒரே குடும்பம்போல நடத்தும் ஒற்றை ‘விர்ட்’ கிடையாது, அங்கே இருப்பவை தனித்தனி ஆட்களின் எண்ணற்ற பொருளாதாரங்கள் பின்னிக் கிடக்கும் வலைதான் என்ற கருத்தை முன்வைத்து, பொருளியலை வரலாற்றின் வழியே ஆராய்ந்த அறிஞர் குழுவான ஜெர்மன் வரலாற்றுப் பள்ளியினரோடு மோதினார். அந்தச் சண்டை பல ஆண்டுகள் ஓடியது.

தொடரின் அடுத்த பகுதியில் மெங்கரின் வாதத்துக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகி,
கோயம்புத்தூர்