துரைக்குப் புது மருந்து தொடங்கியாச்சு: கூட நின்ற எல்லாருக்கும் நன்றி

அன்பு நெஞ்சங்களுக்கு வணக்கம்.

சர்க்கரை நோயும், அதற்குக் காரணமான அக்ரோமெகாலி என்ற ஹார்மோன் நோயும் உள்ள எங்கள் பூனை துரைக்குக் கேபர்கோலின் என்ற புது மருந்தைத் தொடங்கிவிட்டோம். சாப்பிடுகிறான், வாந்தி இல்லை, சன்னல் திண்டில் தானாகவே ஏறி உட்காருகிறான். ஓயாமல் விசாரித்துக்கொண்டிருந்த உங்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக நன்றி சொல்லியிருக்கிறேன், ஆனாலும் மனசு ஆறவில்லை. அந்த ஒரு சொட்டு மருந்து அவன் வாய்க்குள் போவதற்கு எத்தனை பேர் உழைத்திருக்கிறீர்கள் என்பதை ஒரே இடத்தில் எழுதிவைக்க ஆசைப்படுகிறேன். இதே நோயோடு ஒரு பூனையை மடியில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கும் இது உதவட்டும்.

டாக்டர், உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

துரை தண்ணீராகக் குடித்துத் தள்ளினான், மணல் தட்டு எப்போது பார்த்தாலும் நனைந்து கிடந்தது. பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்து நடக்க ஆரம்பித்திருந்தான். சர்க்கரை ஏறி நரம்பைத் தொட்டால் பூனை அப்படித்தான் நடக்கும் என்று நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மருத்துவமனைக்கு வந்த பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும் என்பதால், ஒரு தடவை பார்த்த எண்ணை மட்டும் நம்பாமல் ஃபிரக்டோசமைன் என்ற ரத்தப் பரிசோதனையும் பார்த்தீர்கள். அது முந்தின ஒன்றிரண்டு வாரத்து நிலவரத்தைக் காட்டும். அதிலும் உறுதியான பிறகுதான் இன்சுலின். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஊசி.

பூனைக்கு வழக்கமாக ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு யூனிட்டில் தொடங்குவார்கள். துரைக்கும் அப்படித்தான் தொடங்கினீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினீர்கள். சர்க்கரை இறங்கவில்லை. இன்னும் ஏற்றினீர்கள், அப்போதும் இல்லை. ஊசி போடும் விதத்தைச் சோதித்தீர்கள், மருந்துப் புட்டியை மாற்றினீர்கள், பல்லையும் சிறுநீரையும் கணையத்தையும் பார்த்தீர்கள், எங்காவது தொற்றோ வீக்கமோ ஒளிந்திருக்கிறதா என்று. அப்புறம் தராசைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்ட கேள்வியை நான் மறக்கமாட்டேன். “சுகர் இவ்வளவு இருக்கிற பூனை இளைக்கணும், இவன் ஏன் எடை கூடிக்கொண்டே போகிறான்?”

பழைய புகைப்படங்களைக் கொண்டுவரச் சொன்னீர்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. முகம் அகன்றிருந்தது. கீழ்த்தாடை முன்னால் வந்திருந்தது. பாதங்கள் பெருத்திருந்தன. தினமும் பார்க்கிற கண்ணுக்கு அந்த மாற்றம் படவே இல்லை. தூக்கத்தில் விடுகிற குறட்டையை நாங்கள் வயது என்று நினைத்திருந்தோம்.

வளர்ச்சி ஹார்மோன் தூண்டி ஈரல் சுரக்கும் ஐஜிஎஃப்-1 என்ற பொருளை அளக்கும் ரத்தப் பரிசோதனையை ஏன் முதல் நாளே எடுக்கவில்லை என்று அப்போது கேட்டேன். பொறுமையாகச் சொன்னீர்கள்: ஈரல் அந்தப் பொருளைச் சுரக்க இன்சுலின் வேண்டும், அதனால் இன்சுலின் தொடங்காத பூனைக்கு எண் பொய்யாகக் குறைந்து காட்டலாம், சில வாரம் ஊசி போட்ட பிறகு எடுத்தால்தான் நம்ப முடியும் என்று. முடிவு 1000க்கு மேல் வந்தது. அக்ரோமெகாலி. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சின்னக் கட்டி, அது வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிக் கொட்டுகிறது, அந்த ஹார்மோன் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. சர்க்கரை நோய் இதன் விளைவுதான்.

அரிதான நோய் என்று நான் இடிந்துபோய் உட்கார்ந்தேன். நீங்கள் 2015-இல் வெளிவந்த லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வைப் பற்றிச் சொன்னீர்கள். பிரிட்டனில் 1,200க்கும் மேற்பட்ட சர்க்கரைப் பூனைகளின் ரத்தத்தைப் பார்த்ததில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று கணக்கிட்டார்கள். அந்த எண் எனக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது தெரியுமா! துரை விதிவிலக்கு இல்லை. தேடினால் கிடைக்கிற நோய்தான், நீங்கள் தேடினீர்கள்.

வழிகளையும் மறைக்காமல் சொன்னீர்கள். அறுவை செய்து பிட்யூட்டரியையே எடுப்பது உலகத்தில் சில இடங்களில்தான் நடக்கிறது. கதிர்வீச்சு என்றால் மயக்க மருந்து கொடுக்க வேண்டும், துரையின் இதயச் சுவர் தடித்திருப்பதால் அதில் ஆபத்து இருக்கிறது. மூன்றாவது வழி கேபர்கோலின். மனிதர்களுக்குப் பிட்யூட்டரியில் வரும் வேறொரு கட்டிக்கும், நாய்களுக்கு வரும் பொய்க் கர்ப்பத்துக்கும் கொடுக்கிற மருந்து. டோபமின் என்ற மூளை ரசாயனம் போல வேலை செய்து சுரப்பைக் குறைக்கும். “சில பூனைக்குக் கேட்கும், சில பூனைக்குக் கேட்காது. எதிர்பார்ப்போடு தொடங்குவோம், ஆனால் வாக்குக் கொடுக்க மாட்டேன்” என்றீர்கள். அந்த நேர்மைக்குத் தனியாக ஒரு நன்றி.

கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தீர்கள். மருந்து கேட்டுவிட்டால் இன்சுலின் தேவை திடீரென்று குறையும். நேற்று வரை போதாத அதே யூனிட், நாளைக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டிலேயே சர்க்கரை பார்க்கக் கற்றுக்கொண்டால்தான் தொடங்குவேன் என்றீர்கள்.

அங்கேதான், அக்கா, நீங்கள் வந்தீர்கள்.

சர்க்கரைப் பூனையோடு பல வருஷம் வாழ்ந்து, அதை வழியனுப்பியும் வைத்த வீடு உங்களுடையது. சர்க்கரை பார்க்கும் அந்த மீட்டரைத் திரும்பக் கையில் எடுப்பது உங்களுக்கு லேசான காரியமாக இருந்திருக்காது. கேட்ட உடனே வந்தீர்கள். காதைக் குத்தும் முன் வெதுவெதுப்பான துணியால் சூடாக்கச் சொல்லிக்கொடுத்தீர்கள். காதோரத்தில் லேசாக வாசலின் தடவினால் ரத்தம் முடிக்குள் பரவாமல் மணியாகத் திரண்டு நிற்கும் என்று காட்டினீர்கள். விரலில் ஒரு பஞ்சை வைத்துக் காதுக்குப் பின்னால் தாங்கச் சொன்னீர்கள். ரத்தக் குழாயை நேராகக் குத்தாமல் அதற்கும் ஓரத்துக்கும் நடுவில் குத்த வேண்டும் என்பதையும், மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும் என்பதையும் உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன். “எந்த மீட்டரில் பார்த்தாலும் அதே மீட்டரில் பார், டாக்டரிடமும் எந்த மீட்டர் என்று சொல்” என்றீர்கள். இப்போதும் அதையே கடைப்பிடிக்கிறோம்.

இதையெல்லாம் விடப் பெரியது ஒன்று உண்டு. குத்தியதும் அவனுக்குப் பிடித்ததை உடனே கொடுக்க வேண்டும், எண் எப்படி வந்தாலும் நம் முகம் மாறக்கூடாது என்றீர்கள். இன்று மீட்டர் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டால் துரை ஓடி வருகிறான், அக்கா. நீங்கள் வந்து ஒரு தடவை அதைப் பார்க்க வேண்டும்.

மருந்தாளுநர் தம்பிக்கு எழுத வேண்டியதும் நிறைய இருக்கிறது. மனிதர்களுக்கு வரும் மாத்திரை 0.5 மில்லிகிராம், ஒரு பூனைக்கு அது மிக அதிகம். டாக்டர் எழுதிய அளவுக்கு நீங்கள் அதைத் திரவமாக்கிக் கொடுத்தீர்கள். வாய்வழி மருந்தின் சிரிஞ்ச்சும் இன்சுலின் சிரிஞ்ச்சும் மாறிவிடக்கூடாது என்று முன்னதில் அழுத்தமான நிறத்தில் நாடா சுற்றினீர்கள். யு-40, யு-100 என்ற இரண்டு இன்சுலின் வகைகளைப் பற்றி வரைந்தே காட்டினீர்கள். ஒன்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், மற்றதில் 100. சிரிஞ்ச் மாறினால் இரண்டரை மடங்கு கூடவோ குறையவோ போய்விடும். பூனைக்கு இன்சுலின் போடும் ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னும் இரண்டு ஆபத்து உங்கள் கவனத்தால் விலகியது. வாந்தி வந்தால் கொடுக்க எங்கள் வீட்டில் முன்பே இருந்த மருந்து மெட்டோகுளோப்ரமைட். பழைய மருந்துகளையெல்லாம் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துவிட்டு, அது டோபமினுக்கு எதிராக வேலை செய்வது, கேபர்கோலினோடு சேரக்கூடாது என்று டாக்டரைக் கூப்பிட்டுப் பேசி வேறொன்றை வாங்கித் தந்தீர்கள். அப்புறம், வீட்டில் பால் கொடுக்கிற பெண் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டீர்கள். என் தங்கை கைக்குழந்தையோடு எங்களோடுதான் இருந்தாள். கேபர்கோலின் பால் சுரப்பைக் குறைக்கும், அவள் இந்தப் புட்டியைத் தொடவே வேண்டாம், நீங்களும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்றீர்கள். பூனை மருந்தைத் தரும் இடத்தில் ஒரு குழந்தையின் பாலையும் நினைத்துப் பார்த்த உங்களை என் தங்கை தினமும் வாழ்த்துகிறாள்.

பக்கத்து வீட்டு ஐயா, உங்களுக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்? நான் வேலையிலிருந்து வரத் தாமதமாகும் நாளெல்லாம் சாயங்கால ஊசி உங்கள் கையால்தான். மருந்து தொடங்கிச் சில வாரம் கழித்து ஒரு மாலை, ஊசிக்கு முன்னால் எண்ணைப் பார்த்துவிட்டு ஊசி போடாமல் நிறுத்தினீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த கோட்டுக்குக் கீழே இருந்தது. இன்னொரு தடவை குத்திப் பார்த்து உறுதி செய்துகொண்டு, சாப்பாட்டை வைத்து, டாக்டரையும் என்னையும் கூப்பிட்டீர்கள். நடை தள்ளாடுகிறதா, கண் சொருகுகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தீர்கள். வலிப்போ மயக்கமோ வந்தால் ஈறில் தடவ குளுக்கோஸ் பாகு கையருகில் இருந்தது, அது தேவைப்படவில்லை. நான் வந்து சேரும் வரை அரை மணிக்கொரு தடவை எண்ணை நோட்டில் எழுதியிருக்கிறீர்கள், அழகான கையெழுத்தில், நேரத்தோடு. வழக்கம்போல ஊசியைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கை நடுங்குகிறது.

அந்த எண்ணைக் கேட்டதும் டாக்டர் உடனே இன்சுலினைக் குறைத்தார். மருந்து கேட்க ஆரம்பித்திருக்கலாம், ஆனால் வளர்ச்சி ஹார்மோன் ஒரே சீராகச் சுரக்காது, ஒரு நாளை வைத்து முடிவு கட்ட வேண்டாம் என்றார். அதற்குப் பிறகும் குறைந்த அளவிலேயே எண்கள் ஓரளவு கட்டுக்குள் நிற்கின்றன. இவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும். எங்களுக்கு இதுவே பெரிது.

மீதமிருந்த மீட்டர் ஸ்ட்ரிப்புகளை அனுப்பிவைத்தவர்களுக்கும், நடுராத்திரியில் வண்டி எடுத்து வந்த நண்பருக்கும், கேட்டபோதெல்லாம் விடுப்புத் தந்த மேலாளருக்கும், துரையின் அட்டவணையைச் சுவரில் வரைந்து நிறம் தீட்டிய என் மகளுக்கும் நன்றி.

நேரில் சொல்ல முடியாத சிலருக்கும் சொல்ல வேண்டும். அந்த லண்டன் ஆய்வுக்குத் தங்கள் பூனையின் ரத்தம் போய்ச் சேர்ந்த முகம் தெரியாத வீட்டுக்காரர்களுக்கு. 1921-இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைத் தேடியபோது, 1922 ஜனவரியில் முதல் மனிதப் பிள்ளைக்கு ஊசி போடும் முன்பே, அந்த ஆராய்ச்சியில் உயிரைக் கொடுத்த நாய்களுக்கு. ஒவ்வொரு வேளையும் சிரிஞ்சில் மருந்தை ஏற்றும்போது அந்த நாய்களை நினைத்துக்கொள்கிறேன்.

கட்டி இன்னும் இருக்கிறது, இதயத்தையும் சிறுநீரகத்தையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். அது எங்களுக்குத் தெரியும். டாக்டர், இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னபடி இரண்டு மணிக்கொரு தடவை பார்த்து முழுநாள் கணக்கை அனுப்புகிறேன். ஐயா, சாவி வழக்கமான இடத்தில்தான் இருக்கும். அக்கா, அன்றைக்கு முடிந்தால் நீங்களும் வந்துவிடுங்கள்.

மனம் நிறைந்த நன்றியுடன்,
துரையின் வீட்டார்