எந்தக் கார் என்று கேட்டிருந்தாயே

சத்துவாச்சாரி, வேலூர்
12.11.2025

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்குக் காது குத்தியதைப் படித்து அவ்வளவு சந்தோஷம். மொட்டைத் தலையும் கம்மலுமாக இருக்கும் அந்தப் படத்தை ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். இங்கே இவருக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. வேலூரில் வெயில் இல்லாத நாளைப் பார்த்தால் நமக்கு ஊரே மாறிவிட்ட மாதிரி இருக்குமே, அப்படி இருக்கிறது.

நீ கேட்டிருந்தது இரண்டே வரி. கார் பழசாகிவிட்டது, சின்னக் காருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆகியிருக்கிறது, பெட்ரோலா, சிஎன்ஜியா, கரண்ட் வண்டியா, கணக்கு டீச்சர் நீதான் சொல்ல வேண்டும் என்று. உடனே நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். பாதியில் எழுந்து போய்விட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் எங்கள் கதையைக் கேள். 2012 மே மாதம் ஒரே ராத்திரியில் பெட்ரோல் லிட்டருக்கு ஏழரை ரூபாய் ஏறியது, நினைவிருக்கும். டீசலுக்கும் பெட்ரோலுக்கும் நடுவே முப்பது ரூபாய்க்கு மேல் இடைவெளி. இவர் அந்த மாதமே டீசல் கார் புக் செய்துவிட்டு வந்தார். பெட்ரோல் மாடலைவிட ஒரு லட்சத்துக்கு மேல் கூட. நாடே அன்று அப்படித்தான் ஓடியது. அந்த வருடம் விற்ற வண்டிகளில் பாதிக்கு மேல் டீசல்தான். நான் அப்போதே கணக்குப் போட்டேன். மாதம் 500 கிலோமீட்டர் ஓடுகிற வீடு எங்களுடையது. அந்த இடைவெளி பைசா குறையாமல் அப்படியே நின்றாலும், கூடக் கொடுத்த பணம் திரும்பி வர ஆறு வருடம் ஆகும். நின்றதா? 2013 ஜனவரியிலிருந்து டீசலை மாதா மாதம் ஐம்பது பைசா அளவில் ஏற்ற ஆரம்பித்தார்கள். 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். இடைவெளி சுருங்கிச் சுருங்கி இப்போது எட்டு, ஒன்பது ரூபாயில் இருக்கிறது. அந்தக் காரை விற்கிற நாள் வரை எங்கள் கணக்கு நேராகவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இன்றைய பங்க் விலையைப் பார்த்து வண்டி வாங்காதே. பங்கில் விலை தினமும் மாறுகிறது. வண்டி பத்து வருடம் வாசலில் நிற்கும்.

சிஎன்ஜி கணக்கையும் போட்டுப் பார்த்தேன். பெட்ரோல் 101 ரூபாய், டவுனுக்குள் லிட்டருக்கு 15 கிலோமீட்டர். ஆக கிலோமீட்டருக்கு ஆறே முக்கால் ரூபாய். சிஎன்ஜி கிலோ 90 ரூபாய் என்று வைத்துக்கொள், 22 கிலோமீட்டர் ஓடும், நாலு ரூபாய் பத்து காசு ஆகிறது. கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய்ச் சொச்சம் மிச்சம். வண்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பது 90,000 என்றால், அதை எடுக்க முப்பத்தைந்தாயிரம் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஓட்ட வேண்டும். காட்பாடி ஸ்டேஷனில் நிற்கிற டாக்ஸிக்காரருக்கு அது ஒரு வருடத்துக்குள். உனக்கு? நீங்கள் இருவரும் மருதமலைக்கும் மார்க்கெட்டுக்கும் போய் வருகிறீர்கள். ஆறு வருடம் ஆகும். டிக்கியில் பாதியை சிலிண்டர் வேறு அடைத்துக்கொள்ளும்.

வண்டியை மாற்றாமலே மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது, அதைச் செய்தும் பார்த்தேன். போன மாதம் பிள்ளையோடு சென்னை போனோம். போகும்போது 110-ல் பறந்தான். வரும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து 85-ஐத் தாண்ட விடவில்லை. இரண்டு முறையும் டேங்க்கை நிரப்பி அளந்தோம். போகையில் லிட்டருக்கு 15.2, வருகையில் 19.4. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது, பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம். 140 கிலோமீட்டரில் இரண்டு லிட்டர் மிச்சம், இருநூறு ரூபாய். அரை மணி நேரம் கூட ஆனது. வழியில் ஒரு காபி குடித்ததையும் சேர்த்துத்தான்.

அமெரிக்காவில் இதையே சட்டமாகப் போட்டுப் பார்த்தார்கள். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, சில மாதத்தில் விலை நாலு மடங்கானபோது, நெடுஞ்சாலையில் 55 மைலுக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். நம் ஊரில் அந்த வருடம்தான் வாஜ்பாய் மாட்டு வண்டியில் பார்லிமெண்டுக்குப் போனார். அப்பா பேப்பரை விரித்து எங்களுக்குக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. 1975-ல் அங்கே இன்னொரு சட்டமும் வந்தது. கம்பெனிகள் விற்கும் கார்களின் சராசரி 1985-க்குள் காலனுக்கு 27.5 மைல் ஆக வேண்டும், அதாவது நம் கணக்கில் லிட்டருக்கு 11.7 கிலோமீட்டர். அதற்கு முன்பு ஓடியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1986-ல் எண்ணெய் விலை சரிந்ததும் ஜனங்கள் மறுபடியும் பெரிய வண்டி பக்கம் போனார்கள். ஆனால் கார்களுக்குப் போட்ட சட்டம் நின்றது. விலை ஏறும்போது வரும் புத்தி, இறங்கும்போது போய்விடுகிறது. சட்டமாக எழுதி வைத்ததுதான் கொஞ்சமாவது தங்குகிறது.

இதுவரை எழுதிவிட்டுத்தான் அன்றைக்கு எழுந்து போனேன். பின்பக்கம் ஒரே புகை. நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீட்டு அம்சா, உனக்குத் தெரியும், போன தடவை உனக்கு முறுக்குச் சுற்றிக் கொடுத்தாளே, அவள்தான். மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தாள். பாலாற்றங்கரையிலிருந்து வெட்டி வந்த வேலிக்காத்தான் விறகு, மழையில் நனைந்தது. எரியாமல் புகைந்துகொண்டே இருந்தது. ஊதுகுழலை வாயில் வைத்து ஊதுகிறாள், இருமுகிறாள், மறுபடி ஊதுகிறாள். குண்டானின் அடியில் மண் பூசியிருந்தாள், கரி பிடித்தால் கழுவ லேசாக இருக்கும் என்று. என் பாட்டி பூசிப் பார்த்தது. அப்புறம் அன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

ஏன் அம்சா, உனக்குத்தான் கேஸ் இருக்கிறதே என்றேன். இருக்கிறது. உஜ்வலா திட்டத்தில் வாங்கியது. "ஒரு சிலிண்டர் நாலு மாசம் வருதும்மா" என்று பெருமையாகச் சொன்னாள். நான்கு பேர் இருக்கிற வீட்டில் எப்படி வரும்? டீக்கும் குழம்பைச் சூடு பண்ணவும் மட்டும் கேஸ். சோறு வடிப்பது, வெந்நீர் வைப்பது எல்லாம் இந்த மூன்று செங்கல்லில்.

அவளுக்கு 300 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் அது சிலிண்டர் வந்த பிறகு வங்கியில் ஏறும். முதலில் முழுப் பணமும் கையில் இருக்க வேண்டும். சென்னையிலேயே 868 ரூபாய் 50 காசு. இங்கே கொண்டு வந்து போடுகிறவருக்குக் கொடுப்பதையும் சேர்த்தால் 900-க்கு மேல். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் கையில் ஒரே நாளில் 900 ரூபாய் இருப்பது மாதத்தின் முதல் வாரத்தில்தான்.

அவள் வீட்டுக்காரர் பாகாயத்துக்கும் காட்பாடிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் யோசித்துப் பார்த்தேன். டீசல் விலை ஏறினால் அவர் டீசலைக் குறைக்க முடியாது, ஊற்றாவிட்டால் அன்றைய வருமானமே கிடையாது. ஸ்கூல் ஃபீஸைக் குறைக்க முடியாது. அந்த வீட்டில் குறைக்க முடிந்தது ஒன்றே ஒன்று, அடுப்பு. பங்கில் ஏறுகிற விலையும் ஏஜென்சியில் ஏறுகிற விலையும் கடைசியில் அம்சாவின் நெஞ்சில் வந்து உட்காருகிறது மல்லிகா. எரிபொருள் செலவு என்றால் நாம் எல்லாரும் வண்டி மைலேஜைத்தான் பேசுகிறோம். எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

நமக்கும் இது புதிதில்லை. 2012 செப்டம்பரில் மானிய சிலிண்டர் வருடத்துக்கு ஆறுதான் என்றார்கள், அடுத்த ஜனவரியில் ஒன்பது, 2014-ல் பன்னிரண்டு. அந்த ஆறு என்ற சமயத்தில் எல்லாரும் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினோம். வாங்கி என்ன பயன்? பகலில் பாதி நேரம் கரண்ட் கிடையாது. அம்மா தன் பழைய மண்ணெண்ணெய்த் திரி ஸ்டவ்வைப் பரணிலிருந்து இறக்கினாள். பொழுது விடிந்தால் கேஸ், கரண்ட் வந்தால் இண்டக்‌ஷன், இரண்டும் இல்லாவிட்டால் ஸ்டவ்.

இப்போது கரண்ட் நிற்பதில்லை. ஆனால் இண்டக்‌ஷன் லாபமா என்று கேட்டால், யார் வீட்டில், எந்த மாதத்தில் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 14.2 கிலோ கேஸில் ஏறக்குறைய 180 யூனிட் வெப்பம் இருக்கிறது. அதில் பாதிக்குச் சற்று மேல்தான் பாத்திரத்துக்குப் போகும், மீதி நம்மைத்தான் வேக வைக்கும். இண்டக்‌ஷனில் பெரும்பகுதி பாத்திரத்துக்கே போய்விடும். அதனால் ஒரு சிலிண்டர் சமையலுக்கு 120 யூனிட் போதும். அம்சா வீட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டே ஆவதில்லை, முழுக்க இலவசம். அதற்கு மேல் கொஞ்சம் போனாலும் யூனிட் ஐந்து ரூபாய்க்குள். 120 யூனிட்டுக்கு 600 ரூபாய் ஆகாது. என் வீட்டில் சித்திரை, வைகாசியில் ஏசி ஓடி 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டியபின் வருகிற ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல். அப்போது அதே 120 யூனிட் ஆயிரம் ரூபாய். ஆக எனக்கு மார்கழியில் இண்டக்‌ஷன், அக்னி நட்சத்திரத்தில் கேஸ். அம்சாவுக்கு வருடம் பூரா இண்டக்‌ஷன்.

என்னிடம் சும்மா கிடந்த அடுப்பையும் அடி தட்டையான இரண்டு பாத்திரத்தையும் கொடுத்துவிட்டேன். அவளுடைய அலுமினியக் குண்டான் அதில் சூடாகாது. லைன் வீட்டின் பழைய வயரிங் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து பார்த்தோம். அடுப்புக்குத் தனியாக ஒரு லைன் இழுக்க வேண்டும் என்றார். வீட்டு ஓனர் இன்னும் சரி சொல்லவில்லை. அது நடக்கும் வரை பெரிய சிலிண்டருக்குப் பதில் 5 கிலோ சிலிண்டராக மாற்றிக் கொடுக்கச் சொல்லி ஏஜென்சியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். விலை கிலோவுக்கு மலிவு என்று இல்லை, ஒரே தடவையில் 900 ரூபாய் எடுத்து வைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

சரி, உன் காருக்கு வருகிறேன். பழைய காரையே வைத்துக்கொள். டயரில் காற்றை மாதம் இரண்டு தடவை பார். நீ போகிற தூரத்தில் முக்கால்வாசி ஐந்து கிலோமீட்டருக்குள், அதற்கு ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கு. இங்கே ராணிப்பேட்டையிலேயே 2021-லிருந்து ஆம்பியர் ஸ்கூட்டர் தயாராகிறது. நான் ஓட்டுவது ஒரு யூனிட்டுக்கு முப்பது கிலோமீட்டர் தருகிறது. பெட்ரோல் ஸ்கூட்டரில் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் ஆனது, இதில் யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் முப்பது காசுக்குள். கார் வாங்கியே ஆக வேண்டும் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தால், இரண்டு விஷயம் எழுதி அனுப்பு. காரின் மீட்டரில் இன்றைக்கு எத்தனை கிலோமீட்டர், ஒரு வருடம் முன்பு சர்வீஸ் பில்லில் எத்தனை. அப்புறம் கடைசி ஆறு கரண்ட் பில். உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.

பொங்கலுக்கு இங்கே வருவதாகச் சொன்னதை மறந்துவிடாதே. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் வாங்கி வைக்கிறேன். அம்சாவும் உன்னைக் கேட்டாள்.

அன்புடன்,
உன் வசந்தா