'புளூடூத் இருக்கு சார்' என்றால் பாட்டு வரும் என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வைத்திருப்பவர்கள் போனில் இருக்கும் பாட்டைக் காரில் கேட்பது எப்படி என்று சென்ற இதழில் ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஸ்டீரியோவில் புளூடூத் இருந்தால் கவலையே இல்லை, இல்லாவிட்டால் சிகரெட் லைட்டரில் செருகுகிற எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் ஒன்று போதும் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். இதே இரண்டு வரியை எனக்கும் இரண்டு வருஷத்துக்கு முன்பு வேறு வேறு ஆட்கள் சொன்னார்கள். இரண்டையும் நம்பிக் காசு விட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

நான் இருப்பது பெங்களூரு அல்சூரில். ரிடையர் ஆன கையோடு செகண்ட் ஹேண்டில் 2012 மாடல் கார் ஒன்று வாங்கினேன். விற்றவர் ஸ்டீரியோவில் இருந்த புளூடூத் அடையாளத்தைக் காட்டி, "எல்லாம் இருக்கு சார், பாருங்க" என்று என் போனை அதோடு சேர்த்து, தன் போனிலிருந்து எனக்கே ஒரு கால் போட்டார். "ஹலோ, கேக்குதா?" என்று அவர் குரல் காருக்குள் கணீரென்று வந்தது. "அப்புறம் என்னங்க" என்றாள் என் மனைவி. அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.

அடுத்த பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிளம்பினோம். வழியெல்லாம் நாகஸ்வரம் கேட்டுக்கொண்டே போகலாம் என்று ஆசை. பாட்டைத் தட்டினால் அது என் சட்டைப் பையிலிருந்துதான் வருகிறது. ஸ்டீரியோ வாயே திறக்கவில்லை. அதே நேரம் ஊரிலிருந்து யாராவது கூப்பிட்டால் மட்டும் உடனே விழித்துக்கொள்ளும்.

விஷயம் இதுதான். புளூடூத் என்பது ஒரே ஒரு வழி இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி ஏற்பாடு, ப்ரொஃபைல் என்பார்கள். போன் பேச ஒன்று (எச்.எஃப்.பி.), ஸ்டீரியோ தரத்தில் பாட்டு கேட்க இன்னொன்று (ஏ2டிபி), அடுத்த பாட்டுக்குத் தாவ, நிறுத்த மூன்றாவது (ஏவிஆர்சிபி). பாட்டுக்கான ஏற்பாடு 2003லேயே வகுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அதற்குப் பல வருஷம் கழித்து வந்த கார்களில்கூடப் போன் பேசுவதற்கு மட்டும் வைத்து அனுப்பினார்கள். வெளியே ஒட்டியிருக்கிற அடையாளம் என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்.

கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. ஆண்ட்ராய்டு போனில் புளூடூத் செட்டிங்ஸுக்குப் போய், சேர்த்த ஸ்டீரியோவின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற பல்சக்கரத்தைத் தொட்டால் அழைப்புக்கு ஒரு வரி, மீடியா ஆடியோவுக்கு ஒரு வரி இருக்கும். என் காருக்கு இரண்டாவது வரியே இல்லை. கார் வாங்குகிற அன்றைக்கு அரை நிமிஷம் செலவழித்துப் பாட்டு போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கால் போட்டுக் காட்டினால் நாம் மயங்கிவிடுவோம் என்று விற்றவருக்குத் தெரிந்திருக்கிறது. (அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். அந்த நியாயத்தையும் கொடுத்துவிடுகிறேன்.)

என் தங்கை மகன், "மாமா, அதுக்கு ஒரு ஆப் இருக்கு" என்று போனில் ஏதோ ஏற்றிக் கொடுத்தான். பாட்டைப் போன் கால் போல வேஷம் கட்டி அனுப்புகிற வித்தை அது. பாட்டு வந்தது. ஆனால் நாகஸ்வரம் தகர டப்பாவுக்குள் வைத்து ஊதியது மாதிரி இருந்தது. ஜால்ராவைக் காணவே காணோம். பழைய கார்களில் போன் பேசுகிற வழியில் ஒலியை நொடிக்கு 8,000 தடவைதான் அளந்து அனுப்புவார்கள். அளக்கிற எண்ணிக்கையில் பாதி வரைக்கும் உள்ள அதிர்வுதான் பிடிபடும். அப்படியென்றால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிற எதுவும் வராது. அதுவும் மோனோ. நாம் பேசுவதற்கு அது தாராளம். ஜால்ராவின் பளபளப்பெல்லாம் அந்த எல்லைக்கு மேலேதானே இருக்கிறது! போதாக்குறைக்கு, யாரோ லைனில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஸ்டீரியோ திரையில் நிமிஷக் கணக்கு வேறு ஓடிக்கொண்டிருந்தது. ஓசூர் போய்ச் சேர்வதற்குள் ஒன்றே கால் மணி நேர 'கால்'.

அதை விட்டுவிட்டு எஸ்.பி. ரோடு போய் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன். இது புளூடூத்தில் போனிலிருந்து பாட்டை வாங்கி, குட்டி ரேடியோ ஸ்டேஷன் போல ஒரு அலைவரிசையில் ஒலிபரப்பும். கார் ரேடியோவை அதே எண்ணில் வைத்தால் பாட்டு கேட்கும். ஆனால் பெங்களூரு ரேடியோவில் காலி இடம் எங்கே இருக்கிறது? தனியார் எஃப்.எம். நாட்டிலேயே முதன்முதலாக, 2001இல், ஒலித்த ஊர் இது. 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்று வத்திப்பெட்டி வீடுகள் மாதிரி நெருக்கமாக ஸ்டேஷன்கள், அப்புறம் 98.3, 100.1, 101.3, 102.9, 104. கிலோவாட் கணக்கில் கத்துகிறவர்களுக்கு நடுவே இந்தக் கட்டைவிரல் சைஸ் டப்பா முனகினால் யாருக்குக் கேட்கும்? ஒரு பாட்டுக்கு ஒரு தடவை இடம் மாற்ற வேண்டியிருந்தது. கடைசியில் டயலின் ஓரத்தில் 87.5க்குப் போய் ஒதுங்கினேன்.

சில்க் போர்டு சிக்னல். நின்று பத்து நிமிஷம் ஆகியிருக்கும். திடீரென்று என் நாகஸ்வரம் அறுந்து, கரகரவென்று ஒரு கன்னட டூயட் வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்துக் காரைப் பார்த்தால் அதன் டிரைவர் தன் ஸ்டீரியோவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அவரிடமும் அதே டப்பா, அவரும் 87.5. என் தோடி அவர் காருக்குள் நுழைந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். சிக்னல் விழுந்து வண்டிகள் விலகியதும் அவரவர் பாட்டு அவரவருக்குத் திரும்பியது. அப்புறம் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறியதும் இரைச்சல். உயரத்துக்குப் போனதும் தூரத்து ஸ்டேஷன்களும் எட்டிப் பார்க்குமோ என்னவோ.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், கிருஷ்ணகிரி தாண்டி ஊத்தங்கரை ரோட்டில் அதே டப்பா பிரமாதமாகப் பாடியது. சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு அது சரிப்படும். ஆனால் உங்கள் பத்திரிகையைப் படிக்கிற எங்களில் பாதிப் பேர் பெங்களூரு, சென்னை, மும்பை என்று ஸ்டேஷன் நெரிசலில் இருப்பவர்கள். அதைக் கட்டுரையாளர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எனக்குக் கடைசியில் வழி கிடைத்தது ஜே.சி. ரோட்டில். கார் ஆடியோ கடையில் இருந்த தமிழ்ப் பையன் ஸ்டீரியோவை ஒரு நிமிஷம் பார்த்தான். "ஆக்ஸ் ஓட்டை இருக்கே சார், எதுக்கு செட்ட மாத்தணும்?" என்றான். டாஷ்போர்டு டப்பாவுக்குள், எல்லா ரசீதுகளுக்கும் அடியில், வெளியிலிருந்து ஒயரில் பாட்டை உள்ளே வாங்குகிற ஆக்ஸ் துளை, ஹெட்போன் செருகுகிற அதே 3.5 மில்லிமீட்டரில்! இரண்டு வருஷமாக அதன் மேல்தான் டோல் ரசீது போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதில் செருகுகிற மாதிரி ஒரு சின்ன புளூடூத் ரிசீவர் கொடுத்தான். போனிலிருந்து ரிசீவருக்குக் காற்றில், ரிசீவரிலிருந்து ஸ்டீரியோவுக்கு ஒயரில். எஃப்.எம். நடுவில் வருவதே இல்லை. விலை ஐந்நூறுக்கு உள்ளே. புது ஸ்டீரியோ போடச் சொல்லி வேறு இரண்டு கடைகளில் ஐந்து இலக்கத்தில் கணக்கு கொடுத்திருந்தார்கள்.

அதிலும் ஒரு சின்னத் தொல்லை வந்தது. ரிசீவரை லைட்டர் சாக்கெட்டில் சார்ஜ் போட்டபடி கேட்டால், ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க 'ங்ஙீ' என்று ஒரு சத்தம் சுருதி ஏறிக்கொண்டே போகும். என்ஜினோடு சேர்ந்து சுழன்று காருக்கு மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டரின் இரைச்சல்தான் அது. சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் ஒயர் வழியாக ஒரு எர்த் என்று வட்டம் கட்டிக்கொண்டு ஸ்பீக்கரில் வந்து விழுகிறது. "கிரவுண்டு சுத்துது சார்" என்றான் அதே பையன். அந்த வட்டத்தை அறுப்பதற்கு, ஒயருக்கு நடுவே மாட்ட ஐசொலேட்டர் என்று ஒன்று இருக்கிறது. நான் அதுகூட வாங்கவில்லை. ராத்திரியே வீட்டில் சார்ஜ் போட்டுவிடுகிறேன், திருவண்ணாமலை போய்வர அது போதும். இன்னொன்று: போனில் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைத்துவிட்டு ஸ்டீரியோவில் குறைத்துக்கொள்ள வேண்டும். தலைகீழாகச் செய்தால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் பெருகும்.

ஒயரில்லாமல் அனுப்பினால் தரம் போய்விடும் என்று கட்டுரையில் பாதிப் பக்கம் வருத்தப்பட்டிருந்தார்கள். புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்ப எல்லாச் சாதனத்துக்கும் பொதுவாக இருக்கிற எஸ்.பி.சி. முறையிலேயே நொடிக்கு 328 கிலோபிட் வரை போகும். டயர் சத்தமும் ஹாரனும் கேட்கிற ஓசூர் ரோட்டில் அதற்கும் சி.டி.க்கும் வித்தியாசம் சொல்கிற காது எனக்கு இல்லை. அந்த இடத்தை மிச்சம் பிடித்து, பழைய கார் வாங்குகிறவர்கள் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தால் என்னைப் போன்றவர்களுக்கு உபயோகமாக இருந்திருக்கும். அடுத்த இதழில் கட்டுரையாளர் அதை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகர் ஒருவர்,
பெங்களூரு.

பி.கு.: கார் வாங்கி ஒரு வருஷம் கழித்து ஸ்டீரியோவின் போன் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பழைய சொந்தக்காரர் வீட்டுப் போன்கள் நான்கின் பெயரும், கூப்பிட்ட எண்கள் சிலவும் அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். காரை விற்கிறவர்கள் டிக்கியில் குடை விட்டுப்போனதா என்று பார்க்கிற மாதிரி இதையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு வரி போட்டால் நல்லது.