தமிழர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25 (செம்பூர், மும்பை)

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்தப் பொதுக்குழுவுக்கு நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீல டிக் விழும் என்று நம்புகிறேன்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. திருக்குறள் ஒப்புவித்தல் போட்டியும் நடந்தது, பரிசளிப்பு மட்டும் மழையால் தள்ளிப்போனது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கினோம். செயற்குழு, கூட்டத்துக்குத் தேவையான ஆள் (கோரம்) சேர்ந்தபோதெல்லாம் கூடியது.

மருத்துவ முகாம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "செயலாளர் முகாமை விட்டுவிட்டுக் கணக்கெடுப்பு நடத்துகிறார்" என்ற பேச்சு என் காதுக்கும் எட்டியது.

முன்பெல்லாம் எப்படி நடத்தினோம்? ஒரு தனியார் பரிசோதனைக்கூடம் இலவசமாக வரும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள், பி.பி. பார்ப்பார்கள், சீட்டு கொடுப்பார்கள். நாம் இட்லி வடை சாப்பிட்டுக் கலைவோம். அடுத்த வாரமே எல்லார் போனுக்கும் 'ஃபுல் பாடி செக்கப்' தள்ளுபடி அழைப்பு வரும். சர்க்கரை கூடுதல் என்று சீட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் டாக்டரிடம் போனார்கள் என்பதற்குச் சங்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. வந்தவர்களும் யார்? காலையில் வாக்கிங் போகிறவர்கள், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பென்ஷன்காரர்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், நாலு வீட்டில் சமைக்கிற அம்மா, நைட் ஷிஃப்ட் செக்யூரிட்டி ஆகியோரை நான் அங்கே பார்த்ததில்லை. வந்தவர்களை மட்டும் எண்ணி "நம் வட்டாரத்தில் இத்தனை சதவீதம் பேருக்குச் சர்க்கரை" என்று சுவரொட்டி அடித்தோம். மொத்தம் எத்தனை பேரில் என்ற எண் கையில் இல்லாமல் சதவீதம் போட்ட சங்கம் நம்முடையதுதான்.

ஆகவே இந்த ஆண்டு வீட்டுப் பட்டியலிலிருந்து தொடங்கினோம். 35 வயதைக் கடந்த எல்லாரும், முகாமுக்கு வந்தாலும் வராவிட்டாலும், பட்டியலில் உண்டு. முடிவுப் படிவத்தில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஒவ்வொருவரிடமும் நான்கே கேள்வி: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, தாய் தகப்பனுக்குச் சர்க்கரை உண்டா. சென்னை மக்களிடம் எடுத்த தரவை வைத்து மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2005-இல் வெளியிட்ட மதிப்பெண் முறை இது. நூற்றுக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்ல வேண்டும். செலவு ஒரு இஞ்ச் டேப்.

ஒரு மூத்த உறுப்பினருக்கு 70 வந்தது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை நோய் இல்லை என்று வந்தது. "சும்மா இருந்தவனைப் பயமுறுத்திவிட்டீர்களே" என்று படிக்கட்டில் நிறுத்திச் சத்தம் போட்டார். அண்ணனுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அந்தச் சென்னை ஆய்விலேயே 60-ஐத் தொட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 17 பேருக்குத்தான் சர்க்கரை இருந்தது. சல்லடையில் தங்குவதெல்லாம் கல் இல்லை, தங்கியதைத்தான் அடுத்துப் பொறுக்கிப் பார்க்கிறோம். 60-க்குக் கீழே இருந்தவர்களில் நூற்றுக்கு 95 பேருக்குச் சர்க்கரை இல்லை. ஆனால் தெரியாமல் சர்க்கரையோடு இருந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்த முறைக்கு அகப்படவில்லை. ஆகவே குறைந்த மதிப்பெண் வாங்கிய கையோடு ஜாங்கிரிக்குப் போனவர்களும் கவனிக்கவும்.

"இதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி வேலை, சங்கத்துக்கு எதற்கு?" என்றும் கேட்டார்கள். டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை 1998-இல் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வு நடந்தது இதே மும்பையின் குடிசைப் பகுதிகளில். 35 முதல் 64 வயது வரை சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள். பகுதிகளை 20 தொகுதிகளாக்கி, எங்கே பரிசோதனை, எங்கே விழிப்புணர்வு மட்டும் என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். கருப்பை வாயில் வினிகர் போன்ற நீர்த்த அமிலத்தைத் தடவிப் பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்லர், பத்தாவது படித்துச் சில வாரம் பயிற்சி பெற்ற பெண்கள். 12 ஆண்டுக் கணக்கில் கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணம் 31 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பீட்டுப் பகுதிப் பெண்களுக்குச் சோதனை தராமல் விட்டது நியாயமா என்ற சர்ச்சை பின்னால் எழுந்தது. அது எழ வேண்டிய சர்ச்சைதான்.

அதே பெண்களுக்கு மார்பகத்தையும் கையால் சோதித்தார்கள். 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோது மார்பகப் புற்றுநோய் மரணம் மொத்தத்தில் 15 சதவீதம் குறைவு, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் நின்றது. 50 வயதைக் கடந்தவர்களிடம் மட்டும் சுமார் 30 சதவீதக் குறைவு தெளிவாகத் தெரிந்தது. 20 ஆண்டு அத்தனை பெண்களையும் தேடிப் பிடித்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது. நம் உறுப்பினர்களை ஆறு மாதம் கழித்துப் பிடிக்க முடியவில்லை. போன் நம்பரை மாற்றுகிறார்கள், சொல்வதில்லை.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பை நடத்தும் நிறுவனம் பக்கத்துத் தேவ்னாரில்தான் இருக்கிறது. அவர்களின் 2019–21 கணக்குப்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் நாட்டில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8. நாம் தமிழர்கள்தான், குடியிருப்பது செம்பூரில். அந்த 9.8-ஐ நம் பெருமையில் சேர்க்க வேண்டாம். மகளிர் அணியினர் வீடு வீடாகப் பேசி, ஒரு குழுவை மாநகராட்சி மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். நான் பேசியிருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள்.

வரவு செலவு: வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு திட்டமிட்டதைவிடச் சற்று அதிகம். வித்தியாசத்தைப் பொருளாளர் சமாளித்தார். தணிக்கை முடிந்ததும் விவரம் சுற்றுக்கு வரும். படிவ நகலெடுப்புச் செலவைக் குறை சொன்னவர்களில் பெரும்பாலோர் சந்தா கட்டாதவர்கள் என்பதைக் குறிப்பேட்டில் பதிவு செய்கிறேன்.

ஹால் தந்த சொசைட்டிக்கும், நன்கொடையாளர்களுக்கும், கேசரி செய்த இல்லத்தரசிகளுக்கும், தலைவருக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளராகத் தொடரும் எண்ணம் எனக்கு இல்லை. யாரும் முன்வராவிட்டால் பார்க்கலாம். பட்டியலில் இருந்தும் நான்கு கேள்விக்கும் பதில் சொல்லாத வீடுகளுக்குச் செப்டம்பரில் மறுபடி போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் தரக்கூடிய இளைஞர்கள் தேவை. குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் புதிதாக வாங்க வேண்டும், பழையவை காலாவதியாகப் போகின்றன. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. இந்த ஆண்டு வேண்டாம் என்று நான்தான் தடுத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்